கடன்பட்டு வாங்கிய சாசனம்: பாஸ்டனிலிருந்து நியூபோர்ட் வரை

பாஸ்டனில் ஸ்டேட் சுரங்க ரயில் நிலையத்தின் வாசல்களில் ஒன்று, பழைய அரசு மாளிகை என்று அழைக்கப்படும் செங்கல் கட்டடத்தின் அடித்தளத்திலேயே இருக்கிறது. அந்த வாசல் வழியாக நான் தெருவுக்கு வந்தபோது, சுதந்திரப் போர்க் கதைகளைத் தேடி வந்த பயணிகள் மாளிகையின் மாடத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தேடி வந்தது, 1713இல் எழும்பிய அந்தக் கட்டடத்துக்கும் முந்தையது. அந்த வட்டாரம் சந்தைத் திடலாக இருந்த காலத்தில், 1651 செப்டம்பர் 5ஆம் தேதி, ஒபதையா ஹோம்ஸ் என்ற பாப்டிஸ்ட் ஊழியருக்கு பாஸ்டனில் முப்புரிச் சாட்டையால் 30 அடிகள் கொடுக்கப்பட்டன. அடி முடிந்ததும் அவர் நீதிபதிகளைப் பார்த்து, ரோஜா மலர்களால் அடித்ததைப் போலிருந்தது என்று சொன்னார். அதன் பிறகு பல நாட்கள், முழங்கால்களையும் முழங்கைகளையும் ஊன்றியபடிதான் அவரால் படுக்க முடிந்தது.

அவர் செய்த குற்றம் ஒரு கிழவரின் வீட்டில் நடந்த ஆராதனையில் கலந்துகொண்டது. ரோட் தீவுப் பகுதியின் நியூபோர்ட் ஊரிலிருந்து போதகர் ஜான் கிளார்க், ஹோம்ஸ், ஜான் கிராண்டல் ஆகிய மூவரும் 1651 ஜூலையில் பாஸ்டனுக்கு வடக்கே உள்ள லின் பகுதிக்குப் போனார்கள். அங்கே வில்லியம் விட்டர் என்ற பார்வையிழந்த முதியவர் இருந்தார். அவர் பாப்டிஸ்ட் நம்பிக்கை உடையவர். பயணம் செய்து சபைக்கு வர இயலாதவர் என்பதால் சபையே அவரைத் தேடிப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டில், வெளிப்படுத்தின விசேஷம் மூன்றாம் அதிகாரத்தில் வரும் 'சோதனைகாலம்' என்ற சொல்லை வைத்து கிளார்க் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோதே, பிடியாணையோடு இரண்டு காவலர்கள் உள்ளே நுழைந்தார்கள்.

கைதிகளை அன்று மாலை ஊர்ச் சபையின் ஆராதனைக்கு வலுக்கட்டாயமாக அழைத்துப் போனார்கள். இந்தக் காட்சியைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். கிளார்க் உள்ளே நுழைந்ததும் தொப்பியைக் கழற்றி எல்லாரையும் மரியாதையாக வணங்கினார்; உட்கார்ந்ததும் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டு, கையிலிருந்த புத்தகத்தைத் திறந்து படிக்கத் தொடங்கினார். மனிதர்களுக்கு மரியாதை உண்டு, இந்த ஆராதனையில் எனக்குப் பங்கு இல்லை என்பதை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சொல்லிவிட்டார். காவலர் வந்து தொப்பியைப் பிடுங்கினார்.

இவ்வளவு கடுமை ஏன் என்று கேட்கத் தோன்றும். பாஸ்டன் அடங்கிய மாசசூசெட்ஸில் அப்போது பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினரின் சபையும் அரசும் ஒரே கயிற்றின் இரு புரிகளாக இருந்தன. பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துச் சபைக்குள் சேர்த்துக்கொள்வது அந்தச் சமூகத்தின் அஸ்திவாரம். தானே விசுவாசித்து அறிக்கையிடும் வயதில்தான் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று பாப்டிஸ்டுகள் சொன்னது, அந்த அஸ்திவாரத்துக்குள் கடப்பாரையை விடுவதாகவே ஆட்சியாளர்களுக்குப் பட்டது. 1644இலேயே அப்படிப் போதிப்பவர்களை நாடு கடத்தும் சட்டம் வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் மனசாட்சிக்காகத் துன்பப்பட்டுக் கடல் கடந்து வந்தவர்கள் இயற்றிய சட்டம் அது.

கிளார்க்குக்கு 20 பவுண்டும், ஹோம்ஸுக்கு 30 பவுண்டும், கிராண்டலுக்கு 5 பவுண்டும் அபராதம். ஆளுநர் எண்டிகாட், நீங்கள் சாவுக்கே உரியவர்கள் என்று கத்தினார். பொதுவில் வாதம் செய்யத் தயார் என்று கிளார்க் எழுதிக் கொடுத்தார். அந்த வாதம் நடக்கவே இல்லை. கிளார்க்கின் அபராதத்தை நண்பர்கள் அவருடைய சம்மதம் இல்லாமலே கட்டி அவரை வெளியே கொண்டுவந்தார்கள். தனக்காக யாரும் கட்டக் கூடாது என்று மறுத்துவிட்ட ஹோம்ஸுக்குச் சாட்டை விழுந்தது. அடி வாங்கி இறங்கியவரின் கையைப் பிடித்து வாழ்த்திய குற்றத்துக்காக இரண்டு பேரைக் கைது செய்தார்கள். அவர்களில் முதியவரான ஜான் ஹேசல் சில நாட்களிலேயே இறந்துபோனார்.

இந்தக் கதையில் எல்லாரும் ஹோம்ஸையே நினைவில் வைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். அடி வாங்காத கிளார்க் எனக்குப் புலப்பட்டது, பாஸ்டனிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேர ரயில் பயணத்தில் உள்ள பிராவிடன்ஸ் நகரில். அங்கே ரோட் தீவு மாநிலத்தின் அரசு மாளிகையில் 1663 ஜூலை 8ஆம் தேதியிட்ட அரச சாசனம் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது. தோல் ஏட்டில் நெருக்கமான கையெழுத்து. எழுத்துக் கூட்டிப் படிக்க முயன்று சீக்கிரமே கைவிட்டேன். மத விஷயங்களில் முழு விடுதலையோடும் ஒரு குடிமை அரசு செழித்து நிலைக்க முடியும் என்று காட்டும் 'உயிருள்ள சோதனை' ஒன்றை நடத்திப் பார்க்க விரும்புகிறோம் என்ற வேண்டுகோள் அதில் இருக்கிறது. அந்தச் சாசனத்தை இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் கேட்டு வாங்கியவர் கிளார்க். ரோட் தீவு 1843 வரை அதை வைத்தே ஆளப்பட்டது.

தன் ஊராரின் காரியமாக 1651இன் இறுதியில் இங்கிலாந்துக்குப் போனவர் திரும்பி வந்தது 1664இல். கூடவே போன, பிராவிடன்ஸை நிறுவிய ரோஜர் வில்லியம்ஸ் 1654இல் ஊர் திரும்பிவிட்டார். கிளார்க் மட்டும், மன்னர் இல்லாமல் நடந்த கிராம்வெல் ஆட்சியும் மறைந்து மன்னராட்சி மீண்டு வரும்வரை, போதித்தும் மருத்துவம் பார்த்தும் லண்டனில் தாக்குப்பிடித்தார். லின்னிலும் பாஸ்டனிலும் நடந்ததை 1652இல் புத்தகமாக அச்சிட்டார். கைப்பணம் தீர்ந்தபோது நியூபோர்ட் நிலபுலன்களை அடமானம் வைத்தார். ஊர் திரும்பியதும் அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்க 600 பவுண்டு வரி விதித்தார்கள். ரோட் தீவைச் சேர்ந்த வார்விக் ஊரார் கட்ட மாட்டோம் என்று முரண்டு பிடித்தார்கள். அவர் உயிரோடு இருந்தவரை பாக்கி முழுதாகத் தீரவில்லை. தியாகியைக் கொண்டாடுவது எளிது, செலவுக் கணக்கை நீட்டுகிறவரைக் கொண்டாடுவது யாருக்கும் அவ்வளவு எளிதல்ல போலும்.

பிராவிடன்ஸிலிருந்து 60ஆம் எண் பேருந்து, மவுண்ட் ஹோப் பாலத்தைக் கடந்து அக்விட்னெக் தீவின் வட முனையில் இறங்குகிறது. 1638இல் நாரகான்செட் என்ற பூர்வகுடியின் தலைவர்களிடம் 40 பாகம் நீளமுள்ள வெண்சிப்பி மணிச் சரங்களுக்கு இந்தத் தீவை வாங்கிய கூட்டத்தில் கிளார்க்கும் ஒருவர். பேருந்தும் வரலாற்றின் வரிசையிலேயே போகிறது: முதலில் 1638இன் போர்ட்ஸ்மவுத், பிறகு 1639இன் நியூபோர்ட்.

நியூபோர்ட்டில் டூரோ தெருவில் 1730இல் கட்டிய ஏழாம் நாள் பாப்டிஸ்டுகளின் கூடம் இருக்கிறது. ஓய்வுநாள் சனிக்கிழமையே என்று 1671இல் கிளார்க்கின் சபையிலிருந்து பிரிந்தவர்கள் இவர்கள்; யாரும் அவர்களைச் சாட்டையால் அடிக்கவில்லை. பிரசங்க பீடத்துக்கு ஏறும் படிக்கட்டின் முறுக்கிய மரக்கம்பிகளைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதே தெருவில் சில அடிகள் தள்ளி, 1763இல் திறக்கப்பட்ட யூதர்களின் தொழுகைக் கூடம். சாசனத்துக்குச் சரியாக நூறு வயதானபோது திறந்த கதவு அது.

இந்த நிறைவோடு ஊரை விட்டுக் கிளம்பிவிடலாம் என்றால், ஃபேர்வெல் தெருவிலுள்ள பொதுக் கல்லறைத் தோட்டம் விடுவதில்லை. அதில் ஆப்பிரிக்க அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் புதைக்கப்பட்ட ஒரு பகுதி இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் அடிமை வணிகத்துக்குக் கப்பல் அனுப்பிய துறைமுகங்களில் நியூபோர்ட் முன்வரிசையில் நின்றது. மனசாட்சிக்குக் கிடைத்த விடுதலை அந்த மனிதர்களின் உடலுக்குக் கிடைக்கவில்லை.

கிளார்க்கின் கல்லறை அந்தத் தோட்டத்தில் இல்லை. தோல் பதனிடுவோர் தெரு என்று முன்பு பெயர் பெற்றிருந்த சாலையின் ஓரத்தில், அவருடைய சொந்த நிலமாக இருந்த சிறு துண்டில் இருக்கிறது. பூர்வகுடியினருக்கும் குடியேறிகளுக்கும் நடந்த கிங் ஃபிலிப் போரில் பிராவிடன்ஸ் எரிந்த அடுத்த மாதம், 1676 ஏப்ரல் 20ஆம் தேதி அவர் இறந்தார். எலிசபெத், ஜேன் என்ற இரு மனைவியருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். ஒரே மகள் சிறு வயதிலேயே போய்விட்டாள். வாரிசு இல்லாத அந்த மனிதர், தன் நிலத்தின் வருமானத்தை ஏழைகளின் உதவிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் என்று உயில் எழுதி வைத்திருந்தார். ஊர் அவருக்குப் பாக்கி வைத்திருந்த காலத்தில் எழுதிய உயில் அது. நான் நின்றிருந்த அரைமணி நேரத்தில் அந்தப் பக்கம் வேறு யாரும் வரவில்லை.