அடுப்பிலிருந்து ஓய்வு

1974இல் திருநெல்வேலி டிரங்க் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் போன் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது அது தபால் தந்தித் துறை. பிறகு துறை பிரிந்தது, 2000இல் பி.எஸ்.என்.எல். ஆனது, 2012இல் அறுபது வயதில் ஓய்வு பெற்றேன். மாலை போட்டு, குத்துவிளக்கு கொடுத்து, காரில் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் காலை வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து இட்லி ஊற்றினேன். கணவருக்கு இரண்டு வருடம் முன்பே ஓய்வு வந்திருந்தது. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்லவில்லை. வீடு என்றால் அப்படித்தான் என்று நாங்கள் இருவருமே நினைத்திருந்தோம்.

அவர் போன பிறகு மகள் ஓசூருக்குக் கூப்பிட்டாள். "அங்க தனியா என்னம்மா பண்ணுவே, வந்துரு" என்றாள். போனேன். அன்புக்குக் குறைவே இல்லை. ஆனால் மகளும் மருமகனும் எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவுதான் வருவார்கள். ஆறாவது மாடியில் நானும் டிவியும். பேச ஆளில்லாத ஊரில், பிள்ளைகள் களைத்து வருவார்களே என்று மறுபடியும் அடுப்படியில்தான் நின்றேன். கூட வேலை பார்த்த தோழி ஒருத்தி கோவையில் மூத்தோர் குடியிருப்புக்குப் போயிருந்தாள். அவளைப் பார்க்கப் போய், அங்கேயே ஒரு சின்ன வீட்டைக் குத்தகைக்குப் பேசி முடித்துவிட்டு வந்தேன். மகள் அழுதாள். "ஊர்ல என்னம்மா சொல்வாங்க?" என்றாள். இப்போது லீவு கிடைத்தால் பேரனோடு இங்கே வந்துவிடுகிறாள்.

வடவள்ளி, பேரூர், தொண்டாமுத்தூர்ப் பக்கம் இப்படிப்பட்ட குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. மேற்குத் தொடர்ச்சி மலை ஓரம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, பக்கத்திலேயே பெரிய மருத்துவமனைகள், வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்துபோக விமான நிலையம். காரணங்கள் இவைதான். வீட்டுக்குள் குளியலறையில் பிடிமானக் கம்பி, வழுக்காத தரை, கட்டிலருகே அவசர மணி, இரவும் பகலும் ஒரு நர்ஸ். விளம்பரத்தில் இதையெல்லாம்தான் பெரிதாகப் போடுவார்கள். எல்லாம் தேவைதான். ஆனால் என் வாழ்க்கையை மாற்றியது பொதுச் சமையலறை.

மூன்று வேளையும் டைனிங் ஹாலில் சாப்பாடு. வந்த புதிதில் பத்து மணி ஆனால் கை தன்னால் அரிவாள்மனையைத் தேடும். ஐம்பது வருடம் அந்த நேரத்துக்குக் காய் நறுக்கிய கை, ஷிஃப்ட் இருந்த நாளைத் தவிர. இப்போது பத்திலிருந்து பன்னிரண்டு வரை நாவல் படிக்கிறேன். பகல் வெளிச்சத்தில், கால் நீட்டி உட்கார்ந்து, யாரும் எதுவும் கேட்காமல் படிப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று எழுபது வயதில்தான் தெரிந்துகொண்டேன். என்னைப் போலவே இங்கே பல பெண்கள். திருச்சியிலிருந்து வந்த அக்கா ஒருத்தர் சின்ன வயதில் விட்ட வீணையை மறுபடி எடுத்திருக்கிறார். விரல் நடுங்குகிறது, ஸ்ருதி சேரச் சிரமப்படுகிறார், ஆனால் தினமும் சாதகம் உண்டு.

தனியாக இருக்கும் வயதான பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று யாராவது கவனித்திருக்கிறோமா? ஒரு ஆளுக்கு எதற்கு என்று குழம்பு வைக்க மாட்டார்கள். மோர்ச்சாதம், ஊறுகாய், முந்தாநாள் ரசம். பருப்பும் காயும் கீரையும் தட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். அப்புறம் தலைசுற்றல், சோர்வு, விழுகை. எதிரே நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு கரண்டி கூடவே இறங்குகிறது. இங்கே வந்தவர்கள் பலர் ஒரு சுற்று தெளிந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சண்டையும் உண்டு. மெனு கமிட்டியில் நானும் இருக்கிறேன். தஞ்சாவூர்க்காரர்களுக்கு வத்தக்குழம்பு, கோவைக்காரர்களுக்கு அரிசிம்பருப்பு சாதமும் கொள்ளு ரசமும், எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொதி. பிரஷர் உள்ளவர்களுக்கு உப்பு குறை என்றால், மற்றவர்கள் "இது என்ன ஆஸ்பத்திரி சாப்பாடா" என்பார்கள். உளுந்தம்பருப்பு சாதமும் எள்ளுத் துவையலும் மாதம் ஒருமுறை என்று போராடி வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் சின்ன அடுப்பு இருக்கிறது. ஆசை வந்தால் தேங்காய்ப்பால் எடுத்துச் சொதி வைத்து இஞ்சித் துவையலோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பேன். அந்தச் சமையலின் ருசியே வேறு. விருப்பப்பட்ட நாளில் மட்டும் சமைக்கிறேன் இல்லையா?

கிடைத்த நேரத்தில் நான் எடுத்துக்கொண்ட இன்னொரு வேலை, காலை இண்டர்காம். இங்கே தனியாக இருப்பவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. ஆறரைக்குத் தொடங்கி ஒவ்வொரு வீடாக அழைப்பேன். எடுக்கவில்லை என்றால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி. அப்போதும் எடுக்கவில்லை என்றால் நர்ஸும் காவலாளியும் மாற்றுச் சாவியோடு போவார்கள். ஒரு காலையில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் எடுக்கவில்லை. இரவு கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்திருக்கிறார், மணி கைக்கு எட்டவில்லை. அன்றே மருத்துவமனையில் சேர்த்தோம். இப்போது வாக்கர் பிடித்து சாப்பாட்டுக்கு வருகிறார். டிரங்க் போர்டில் ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று அவசரத்துக்கு ஏற்ப அழைப்பு போட்ட காலத்தில் மதுரை, மெட்ராஸ் ஆபரேட்டர்களை முகம் தெரியாமலே குரலால் பழகி வைத்திருந்தேன். இங்கேயும் "ம்... எழுந்தாச்சு" என்ற இரண்டு வார்த்தையில் யாருக்குத் தூக்கமில்லை, யாருக்கு மூட்டு வலி என்று சொல்லிவிடுவேன்.

மரணம் இங்கே அடிக்கடி வரும். சாப்பாட்டு மேசையில் பழகிய இடம் காலியாவது தாங்க முடியாத விஷயம்தான். ஆனால் அந்த வாரம் முழுதும் இறந்தவரைப் பற்றியே பேசுவோம், சேர்ந்து அழுவோம். ஓசூர் மாடியில் எனக்கு அதற்கும் வழியில்லை.

வர நினைப்பவர்கள் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். இரண்டு நாள் விருந்தினராகத் தங்கி, அங்கேயே சாப்பிட்டுப் பாருங்கள். படுக்கையில் விழுந்தால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, மறதி நோய் வந்தால் என்ன ஏற்பாடு, மாதக் கட்டணம் எப்படி ஏறும், கட்டியவர் கைகழுவிவிட்டுப் போனால் யார் நடத்துவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். டவுன்பஸ் வருகிறதா என்றும் பாருங்கள். 2021இலிருந்து பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் டிக்கெட் இல்லை. பேரூர் கோயிலுக்கும் காந்திபுரம் கடைகளுக்கும் யாரிடமும் காசு கேட்காமல் போய்வருகிறோம். இன்னொன்று. இருக்கிற வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிக் கொடுப்பதானால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும்போது அந்த வரிதான் கைகொடுக்கும்.

இதெல்லாம் பென்ஷன் வாங்கும் எனக்கு முடிந்தது. எனக்கு ஓய்வு தந்தது எங்கள் சமையலறையில் வேலை செய்யும் பெண்களின் உழைப்பு. அவர்களில் ஒருவரின் அம்மா பக்கத்து ஊரில் தனியாக இருக்கிறார். அரசு முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய், முழங்கால் வலியோடு இன்னும் தானே பொங்கித் தின்கிறார். "எங்கம்மாவுக்கும் இப்படி ஒரு எடம் இருந்தா நல்லா இருக்குமுங்க" என்று அந்தப் பெண் ஒருநாள் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் உள்ளாட்சிகளே 'பகல் வீடு' நடத்துகின்றன. முதியவர்கள் காலையில் வந்து, சேர்ந்திருந்து, மாலையில் வீடு திரும்பலாம். நமக்கும் ஊர்ச் சமையல் புதிதில்லை. 1982இல் சத்துணவை விரிவாக்கிய மாநிலம் இது. முதியோர் உதவித்தொகை வாங்குபவர்களுக்கும் சத்துணவு மையத்தில் மதியச் சாப்பாடு என்பது எண்பதுகளிலிருந்தே திட்டத்தில் இருக்கிறது. அதோடு ஒரு நிழலான கூடமும் நாலு நாற்காலியும் கழிப்பறையில் ஒரு கைப்பிடியும் சேர்ந்தால் போதும்.

எங்கள் ஊராட்சியில் பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடம் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டு மனு எழுதியிருக்கிறோம், கையெழுத்தும் சேர்ந்துகொண்டிருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபையில் கொடுக்கப் போகிறோம். அந்த அம்மாவையும் ஆட்டோ வைத்துக் கூட்டிவருவதாக, எங்கள் சமையலறையில் வேலை செய்யும் அவர் மகள் சொல்லியிருக்கிறாள்.