பாமினி பழகிய விரல்கள்

எங்கள் பாடசாலையில் தட்டச்சுத் தெரியாத ஆசிரியர்கள் குறைவு. தவணைப் பரீட்சை வினாத்தாள்களைப் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் அடித்து அடித்தே பலருக்கு விரல் பழகிவிட்டது. மூத்த டீச்சர் ஒருவர் விசைப்பலகையைப் பார்க்காமலே அடிப்பார். அதனால், மூத்தவர்களுக்குக் கணினி வராது என்று யாராவது தொடங்கினால் எனக்குக் கோபம் வரும். அவர்களுக்குத் தெரிந்த கணினி ஒன்று, இப்போது கேட்கப்படுவது வேறொன்று. அவ்வளவுதான்.

அந்த வேறுபாட்டை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது, இணையத்தில் கேள்வி அனுப்பி விடை வாங்கும் கூகுள் படிவம். வேர்டில் இருந்த கேள்வியைப் பிரதிசெய்து படிவத்தில் ஒட்டினால் தமிழைக் காணவில்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ ஒரு வரி கிடந்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்த எழுத்துருதான் பாமினி. அந்த எழுத்துரு இல்லாத இடத்துக்குப் போனால் அடியில் கிடக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். அரைப்புள்ளி இருந்த இடமெல்லாம் மெய்யெழுத்தின் புள்ளி. பல வருடமாகச் சேர்த்த வினாத்தாள்கள் எல்லோரிடமும் இந்த வடிவில்தான் இருந்தன.

தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் தம்பி உடனே உதவிக்கு வந்தார். நல்ல பிள்ளை, கெட்டிக்காரர். ஆனால் மவுஸ் அவர் கையில் இருந்தது. யுனிகோட் என்றார், எழுத்துரு மாற்றி என்றார், மூன்று ஜன்னல்களைத் திறந்து மூடினார், முடிந்தது என்றார். மூத்த டீச்சர் சிரித்துக்கொண்டு சொன்னார்: “தம்பி, நீங்க செய்யக்குள்ள எல்லாம் விளங்குது. நான் செய்யக்குள்ளதான் ஒண்டும் விளங்குதில்ல.”

வழி வந்தது கணித டீச்சரிடமிருந்து. அவரும் அண்மையில்தான் இதே சிக்கலில் நின்றவர். ஈ-கலப்பை என்ற இலவச மென்பொருளில் பாமினி விசையமைப்பும் இருக்கிறது. அதைத் தெரிவுசெய்தால் விரல் பழைய விசைகளையே அழுத்தும், திரையில் விழுவது யுனிகோட் தமிழாக, அதாவது எங்கே ஒட்டினாலும் தமிழாகவே நிற்கும் எழுத்தாக இருக்கும். மூத்த டீச்சருக்கு எதையும் மறக்கவேண்டிய தேவை வரவில்லை. அன்று பாடசாலை விடுவதற்குள் ஒரு படிவத்தைத் தானே செய்து முடித்தார்.

இதிலிருந்து எனக்கு வந்த எண்ணம் இதுதான். ஒரு கருவியைச் சகஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்க மிகப் பொருத்தமானவர் அதில் கரைகண்டவர் அல்லர், போன கிழமை அதைக் கற்றவர். எந்த இடத்தில் கால் இடறும் என்பது அவருக்கு இன்னும் மறந்திருக்காது. கரைகண்டவருக்கு அது படிக்கட்டாகவே தெரியாது.

முறையான பயிற்சிகள் நடக்காமல் இல்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு சூம், கூகுள் வகுப்பறை என்று வரிசையாக வந்தன. ஒருவர் பேசுவார், மற்றவர்கள் ஒலியை நிறுத்திவிட்டு இருப்பார்கள். வருகை பதிவாகும். சூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் துண்டித்துக்கொள்ளும், எங்கள் பாடவேளையும் 40 நிமிடம்தான். அந்த ஒன்றில் மட்டும் அது எங்களுக்கென்றே செய்ததுபோல இருந்தது. 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலைப் புறக்கணித்தன. 2022இல் எரிபொருளும் இல்லை, மின்சாரமும் இல்லை. மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலம் கடந்து மேற்குப் பக்கமான படுவான்கரைப் பாடசாலைகளுக்குப் போகிற எங்களுக்கு மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் எடுப்பதே பெரும்பாடாகிப் போனது. இந்த இடைவெளிகளில் பட்டறையில் படித்ததெல்லாம் கரைந்துவிட்டது. கையில் நின்றது, ஓய்வுப் பாடவேளையில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருந்து பழகியது மட்டும்.

அப்படிப் பக்கத்தில் இருந்து பழகுவதற்கு ஒரேயொரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். மவுஸ் கற்பவர் கையில் இருக்கவேண்டும், சொல்லிக்கொடுப்பவர் அதைத் தொடக்கூடாது. தகவல் தொழில்நுட்பத் தம்பிக்கு இது பெரிய சோதனை. கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு விதத்தில் வயது மரியாதைச் சிக்கலையும் இதுவே தீர்த்தது. இருபத்தைந்து வருடம் மூத்தவரின் கையிலிருந்து எதையும் பிடுங்காமல் ஒரு இளையவர் பக்கத்தில் நின்று வழி சொல்வது எங்கள் ஓய்வறையில் யாரையும் உறுத்தவில்லை.

கருவியைப் பற்றிய பேச்சு பாடத்தைப் பற்றிய பேச்சாக மாறியதை நான் எதிர்பார்க்கவில்லை. விஞ்ஞானத்துக்கு ஒரு படிவம் போட்டிருந்தேன். சமாந்தரமாக, அதாவது தனித்தனிப் பாதையில் இணைத்த இரண்டு மின்குமிழ்களில் ஒன்றைக் கழற்றினால் மற்றதற்கு என்ன ஆகும் என்பது ஒரு கேள்வி. படிவம் வினாவாரியாக வட்ட வரைபடம் காட்டும், யார் எந்த விடையைத் தெரிவுசெய்தார்கள் என்றும் பார்க்கலாம். பெரும்பாலான பிள்ளைகள் மற்றதும் அணையும் என்றே சொல்லியிருந்தார்கள். கையால் திருத்தியிருந்தால் பிழை போட்டுப் புள்ளியைக் குறைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பேன். பின்னால் நின்று பார்த்த மூத்த டீச்சர், அவர் படிப்பிப்பது சைவசமயம், “கோயில் திருவிழாச் சோடனை லைட்டைப் பாத்து வளந்த பிள்ளையள் வேற என்னத்தச் சொல்லும்?” என்றார். உண்மைதான். பழைய சோடனை லைட்டுகள் தொடராக இணைத்தவை, ஒரு குமிழ் போனால் வரிசையே போகும். மறுநாள் வகுப்பைச் சோடனை லைட்டிலிருந்தே தொடங்கினேன். வீட்டில் குசினிக் குமிழ் எரிந்துபோனால் விறாந்தை ஏன் இருட்டாவதில்லை என்ற கேள்வி அதன் பிறகு பிள்ளைகளிடமிருந்தே வந்தது.

எல்லோருக்கும் படிவம் போய்ச்சேர்வதில்லை. குளக்கட்டில் ஏறினால் மட்டும் சிக்னல் கிடைக்கும் ஊர்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு வீட்டில் ஒரு போன், அதுவும் வேலைக்குப் போகும் தகப்பனின் சட்டைப்பையில். ஆகவே அதே கேள்விகளை அச்செடுத்தும் கொடுக்கிறோம். கேள்வி யுனிகோடில் இருப்பதால் இரண்டு தடவை அடிக்கவேண்டியதில்லை.

இப்போது எங்கள் தலையிடி வேறு. கேள்விகளைக் கூகுள் டிரைவில் பாடவாரியாகச் சேர்த்து வருகிறோம். ஒவ்வொரு கோப்பும் அதை ஆக்கியவரின் சொந்தக் கணக்கில் இருக்கிறது. டீச்சர் இடமாற்றத்தில் போனால் கோப்பும் அவரோடு போகும். உரிமையை மாற்றிக்கொடுக்க வசதி உண்டு, ஆனால் போகிற அவசரத்தில் யார் அதை நினைப்பார்கள்? இரண்டு வருடம் திறக்காத கணக்கைக் கூகுள் அழித்துவிடவும் கூடும். பாடசாலைக்கென்று ஒரு கணக்கு திறந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றலாம் என்கிறது கணித டீச்சரின் கட்சி. அதற்கு யாருடைய தொலைபேசி இலக்கத்தைக் கொடுப்பது, அதிபரும் இடமாற்றம் பெற்றுப் போகிறவர்தானே என்கிறார் தம்பி. அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் இதை எடுப்பதாக இருக்கிறோம்.