இரண்டு காதல்களும் ஒரு விபத்தும்

வார இதழ் ஒன்றில் சினிமா விமர்சனங்களைச் செப்பனிடும் பணியில் இருந்த காலத்தில், இரண்டு காதல்களை அருகருகே சொல்லும் படங்கள் வந்தால்தான் எங்கள் ஆசிரியர் குழுவில் விவாதம் சூடுபிடிக்கும். அவற்றுள் என் மனத்தில் இன்றும் நிற்பது, ஏ.ஆர். முருகதாஸிடம் உதவியாளராக இருந்த எம். சரவணன் இயக்கி, 2011 செப்டம்பரில் வெளிவந்த ‘எங்கேயும் எப்போதும்’. படத்தைப் பலரும் பாராட்டினார்கள். ஆனால் எதைப் பாராட்டுவது என்பதில் பாராட்டியவர்களே ஒன்றுபடவில்லை.

எங்களுக்கு வந்த பிரதிகள் பெரும்பாலும் இரண்டு ஜோடிகளையும் தராசில் வைத்தன. திருச்சியில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் கதிரேசனைச் செவிலியான மணிமேகலை ஆட்டிவைக்கும் கதைக்கே தட்டு தாழ்ந்தது. நேர்முகத் தேர்வுக்காகச் சென்னைக்கு வந்து, அங்கே உதவ வந்த கௌதமை நம்பவும் முடியாமல் விட்டுவிடவும் முடியாமல் நாள் முழுக்க அலையும் அமுதாவின் கதை மெதுவாக நகர்கிறது என்றும், அதைக் குறைத்திருக்கலாம் என்றும் எழுதினார்கள். மணிமேகலையாக நடித்த அஞ்சலியின் நடிப்பை முன்னிறுத்தியது முற்றிலும் நியாயம். ஆனால் காதலிக்க முன்வந்தவனை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் ஒருத்தியையும், உதவ வந்தவனையே சந்தேகத்தோடு அளந்து பார்க்கும் இன்னொருத்தியையும் மாற்றி மாற்றிக் காட்டும்போதுதான், ஓர் ஆணை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற ஒரே கேள்வியை இருவரும் தத்தம் வழியில் கேட்கிறார்கள் என்பது புலப்படுகிறது. அமுதாவின் தயக்கத்தைக் குறைத்திருந்தால் மணிமேகலையின் துணிச்சலும் வெறும் குறும்பாகத் தேய்ந்திருக்கும்.

மூத்த விமர்சகர் ஒருவர், பேருந்து விபத்து காதல் கதையில் ஒட்டவைத்த சாலைப் பாதுகாப்புப் பிரசாரம் என்று எழுதியிருந்தார். “ஐயா, பேருந்துகளின் மோதலைப் படம் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறதே, அதைப் பற்றிப் பிரதியில் ஒரு வரிகூட இல்லையே?” என்று தொலைபேசியில் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, மறுபடி பார்த்துவிட்டு ஒரு பத்தி சேர்த்து அனுப்பினார். பேருந்தில் யார் எந்த இருக்கையில் இருக்கிறார்கள் என்ற பதைப்போடுதான் அதன்பின் ஒவ்வொரு சிரிப்பையும் பார்க்கிறோம், வெளிநாட்டிலிருந்து மகளைக் காண வரும் தந்தையின் தொலைபேசிப் பேச்சுகூட நெஞ்சைப் பிசைகிறது என்று அதில் எழுதியிருந்தார். பிரசாரம் என்ற சொல்லை அவர் நீக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அது அவருடைய தீர்ப்பு, அதற்கான காரணமும் இப்போது பக்கத்தில் இருந்தது.

எங்கள் இதழில் கதை, நடிப்பு, இசை, ஒளிப்பதிவு என்று பிரித்து எழுதும் வழக்கம் இருந்தது. ஒரு கதையிலிருந்து மற்றொன்றுக்குப் படம் எங்கே தாவுகிறது, ஏன் அங்கே தாவுகிறது என்று சொல்ல அந்தப் பிரிவுகளில் இடமே இல்லை. இத்தகைய படங்களுக்கு மட்டுமாவது அந்தப் பிரிவுகளைக் கைவிடும்படி கேட்டு, ஆசிரியரின் ஒப்புதலையும் பெற்றேன்.

அந்த விபத்தில் கதிரேசன் சாகத்தான் வேண்டுமா என்ற வாதம் மட்டும் எங்களுக்குள் ஓயவில்லை. ரசிகர்களை வதைக்கிறது என்று பலர் வருந்தினார்கள். எனக்கும் அந்த முடிவு தாங்க முடியாததாகவே இருந்தது. ஆயினும் அது வேண்டும் என்றே வாதிட்டேன். நால்வரும் பிழைத்திருந்தால், தொடக்கத்தில் நாம் பார்த்த மோதல், பிரிந்திருந்த அமுதாவையும் கௌதமையும் சேர்த்துவைக்கும் உபாயமாகச் சுருங்கியிருக்கும்.