அப்பாவுக்கு அறுபது, எனக்குப் பட்டம்

என் படிப்பு முடிகிற வருடமும் அப்பாவுக்கு அறுபது நிறைகிற வருடமும் ஒன்றாக வந்துவிட்டன. மலேசியாவில் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொன்னாலே போதும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். வேலை இருக்கும் வரைதான் தோட்டத்து வீடு. அறுபது ஆனதும் ஆபீஸிலிருந்து கடிதம் வரும், சம்பளக் கணக்கு முடியும், வீட்டைக் காலி செய்ய ஒரு தேதி சொல்வார்கள்.

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் டவுனிலிருந்து மோட்டாரில் கொஞ்ச தூரம் உள்ளே போனால் எங்கள் தோட்டம். தாத்தா பாட்டி காலத்தில் ரப்பர் பால் வெட்டினார்கள், இப்போது எல்லாம் செம்பனைதான். அப்பா குலை வெட்டினார், முட்டி போன பிறகு ஸ்டோரில் உரம், மருந்து கணக்குப் பார்க்கிறார். அம்மாவுக்கு உதிரிப் பழம் பொறுக்குகிற வேலை, அதுவும் நிரந்தரம் இல்லை. வீடு அப்பா பேரில்தான் இருக்கிறது.

ஓய்வு பெறும் வயதை 60 ஆக்கிய சட்டம் 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன்பு 55. அந்த ஐந்து வருடம் கிடைக்காமல் போயிருந்தால் நான் படிவம் ஆறில் பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்டிபிஎம் தேர்வு எழுதிக்கொண்டிருந்த நேரத்திலேயே சாமான்களை லாரியில் ஏற்றியிருப்போம். அந்த ஐந்து வருடத்தில்தான் நான் தஞ்சோங் மாலிமில் உப்சி என்கிற சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழிக் கல்வி படித்து முடிக்கிறேன். அப்பாவுக்கு இந்தக் கணக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நான்தான் கடைசி வருடத்தில் கண்டுபிடித்தேன்.

பயிற்சி ஆசிரியராகப் போக வேண்டிய செமஸ்டரில் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு இடைநிலைப்பள்ளி கிடைத்தது. விடுதியிலிருந்து வாரக் கடைசியில் ரயிலேறி வந்து போய்க்கொண்டிருந்தவள், பல மாதம் கழித்து அப்போதுதான் வீட்டில் தொடர்ந்து இருந்தேன். காலையில் பள்ளி, மதியத்துக்கு மேல் தமிழ் வகுப்பு, பாதிப் பிள்ளைகள் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார்கள், மீதிப் பேருக்குப் பசி. இரவில் சமையலறை மேசையில் உட்கார்ந்து மறுநாளுக்கான பாடத்திட்டம் எழுதுவேன். இந்தப் பாடத்திட்டம் பற்றியே தனியாக ஒரு பதிவு எழுதலாம், விரிவுரையாளர் வகுப்பைப் பார்க்க வருகிற அன்று மட்டும் அது எவ்வளவு அழகாக இருக்கும் என்று பயிற்சி முடித்தவர்களுக்குத் தெரியும். சரி, அது இருக்கட்டும்.

அந்தச் சமையலறை லயத்தோடு, அதாவது தோட்டம் கட்டிக் கொடுத்த வரிசை வீட்டோடு, வந்தது இல்லை. அப்பா போனஸ் வந்த வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது. முதலில் தகரம் இறக்கினார், அப்புறம் சிமெண்டுத் தரை, அப்புறம் பாதிச் சுவர், அதற்கு மேலே பலகை. தரையில் ஒரு மூலையில் சிமெண்டு காய்வதற்குள் அக்கா ஓடியதில் பதிந்த சின்னக் கால் தடம் இன்னும் இருக்கிறது. ஒரு நாள் நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா டேப்பை எடுத்து ஜன்னல் கம்பியையும் கதவையும் அளந்து, என் பழைய நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். ‘கதவையும் கிரில்லையும் கழட்டிக்கலாம், அது நம்ம காசு. தரையத்தான் ஒண்ணும் பண்ண முடியாது’ என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அதற்கு மேல் பாடத்திட்டம் ஓடவில்லை.

அன்றிலிருந்துதான் எதிர்காலம் என்பதை நான் ஒழுங்காகக் கணக்குப் போட ஆரம்பித்தேன். அதுவரை என் எதிர்காலம் என்றால் மலாயா பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் முதுகலை. இறுதியாண்டு ஆய்வுக்காக எங்கள் வட்டாரத்துப் பாட்டிகளிடம் தாலாட்டும் ஒப்பாரியும் பதிவு செய்திருந்தேன், அதைத் தொடர வேண்டும் என்று ஆசை. அந்த ஆசை போகவில்லை, வரிசையில் பின்னால் நிற்கிறது, அவ்வளவுதான்.

கணக்கு இதுதான். அறுபது வயதுக்காரருக்கு வங்கியில் நீண்ட காலத் தவணையில் வீட்டுக் கடன் கிடைப்பது கஷ்டம். அப்பாவின் சேமநிதியில் 55 வயதில் எடுத்தது அக்கா கல்யாணத்துக்கும் பழைய கடனுக்கும் போய்விட்டது. 55க்குப் பிறகு சேர்வது எமாஸ் கணக்கில் தனியாக இருக்கும், அதை 60 ஆன பிறகுதான் தொட முடியும். அது முன்பணத்துக்கு உதவும். கடன் என்று வாங்கினால் என் பேரில்தான் வாங்க வேண்டும். தனியார் வங்கிக்குப் போனால் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள், எனக்கு வேலையே இன்னும் இல்லை. ஆசிரியர் வேலை கிடைத்தால் அரசு ஊழியர்களுக்கான வீட்டு நிதி வாரியம் எல்பிபிஎஸ்ஏ இருக்கிறது, வீட்டின் முழு விலைக்கும்கூடக் கடன் தருவார்கள், ஆனால் நிரந்தரப் பணியில் சேர்ந்து குறைந்தது ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். அந்த நிரந்தரப் பணிக்குக் கல்விச் சேவை ஆணையத்தின் நேர்காணல், அதற்கு முன்னால் விண்ணப்பம், அப்புறம் காத்திருப்பு, அப்புறம் எந்த மாநிலத்தில் போடுவார்களோ. பட்டம் வாங்கியவுடன் பள்ளிக்கூடம் காத்திருந்து கூப்பிடுகிற காலம் இல்லை.

இதோடு பிடிபிடிஎன் கடன், படிப்புக்காக அரசு நிதியில் வாங்கியது. ஒரு விழுக்காடு சேவைக் கட்டணம்தான், மற்ற கடனோடு பார்த்தால் குறைவு, அதனாலேயே பலரும் அதைக் கடைசியில் கட்டிக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். கட்டாமல் விட்டால் அது சிசிரிஸ் என்கிற மத்திய வங்கியின் கடன் பதிவில் ஏறும், நாளைக்கு வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது வங்கி முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான். முதல் வகுப்பில் தேறினால் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. எனக்கு மதிப்பெண் விளிம்பில் நிற்கிறது, ஆகவே கடைசி செமஸ்டரில் நான் படித்த படிப்பில் பாதி தமிழ்ப் பற்று, பாதி கடன் பயம்.

சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளை வாடகைக்குப் பார்த்தோம். இரண்டு மாத டிப்பாசிட், ஒரு மாத முன் வாடகை, தண்ணீர் கரண்டுக்கு அரை மாதம் என்று கேட்கிறார்கள். அதாவது வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே மூன்றரை மாத வாடகை கையில் இருக்க வேண்டும்.

இந்த ஊரில் இந்தப் பிரச்சினை புதிதும் இல்லை. 1950களில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது வேலையும் வீடும் சேர்ந்தே போனது. அதைப் பார்த்துத்தான் எங்கள் ஊர்க்காரரும் அமைச்சராக இருந்தவருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். பாட்டியும் பங்கு போட்டிருக்கிறார். பள்ளியில் நான் இதை மாணவர்களுக்குச் சொன்னபோது ஒரு பையன், ‘அப்ப ஏன் டீச்சர் இன்னும் வீடு இல்ல?’ என்று கேட்டான். நல்ல கேள்வி. என்னிடம் பதில் இல்லை, மணி அடித்துவிட்டது என்று தப்பித்தேன்.

முதுகலையைத் தள்ளி வைக்கிறேன் என்று சொன்னதும் தோழிகளில் சிலர் ‘தியாகம்’ என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் இத்தனை வருடம் வெயிலில் நின்றதற்கு யாரும் அந்தப் பேர் வைக்கவில்லை, நான் இரண்டு வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு வகுப்பில் நிற்கப் போவதற்கு மட்டும் ஏன்? பாட்டிகள் பாடியது தொலைபேசியிலும் இன்னொரு பிரதியிலும் பத்திரமாக இருக்கிறது. எனக்கு உண்மையாகவே பயம் தருவது பாட்டிகள்தான், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். அதனால் வாரக் கடைசிகளில் பதிவு செய்வதை நிறுத்தவில்லை.

போன மாதம் இன்னொரு திருப்பம். நிர்வாகத்தில் அப்பாவை ஓய்வுக்குப் பிறகு ஜாகாவாக, அதாவது காவல்காரராக, வைத்துக்கொள்ளத் தயார் என்றார்கள், வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை, அதுவரை வீட்டிலும் இருக்கலாம். அம்மாவுக்குச் சந்தோஷம். நான் வேண்டாம் என்றேன். முட்டி வலியோடு இரவில் கேட்டில் உட்கார வைப்பதற்கா நான் படித்தேன் என்று கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். அப்பா கோபப்படவில்லை. ‘ஒரு வருசம் பாப்பா. உக்காந்து பாக்கற வேலைதான். நீ போஸ்டிங் வாங்கற வரைக்கும்’ என்றார். இரவு முழுக்க யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. நேர்காணல், காத்திருப்பு, அதற்கு மேல் எல்பிபிஎஸ்ஏ கேட்கிற ஒரு வருடம், இந்த இடைவெளியில் பாதியையாவது அந்த ஜாகா வேலை நிரப்பும். மீதிக்கு வாடகை வீடு. நான் டவுனில் டியூஷன் எடுக்கப் பேசி வைத்திருக்கிறேன், படிவம் ஐந்தில் எழுதுகிற எஸ்பிஎம் தேர்வில் தமிழுக்கும் இலக்கியத்துக்கும் ஆள் தேவைப்படுகிறது.

ஒப்புக்கொண்டேன், ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். வேலை எப்போது முடிந்தாலும் வீட்டைக் காலி செய்யக் குறைந்தது மூன்று மாத அவகாசம் தர வேண்டும், அதை ஒப்பந்தத்தில் எழுத்தில் போட வேண்டும். இந்த மாதிரி யாரும் இதுவரை கேட்டதில்லையாம். அப்பா தயங்கினார், கேட்டால் வேலையே தராமல் போய்விடுவார்களோ என்று அம்மா பயந்தார். நானே மலாயில் கடிதம் தட்டச்சு செய்து, டவுனில் அச்செடுத்து, அப்பாவின் கையெழுத்தோடு அவரோடு ஆபீஸுக்குப் போனேன். கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, இரண்டு முறை படித்தார். யார் எழுதியது என்று கேட்டார். ‘மகள், டீச்சருக்குப் படிக்குது’ என்றார் அப்பா. மேனேஜரிடம் கொடுப்பதாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார், நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தவும் சொன்னேன், குத்திக் கொடுத்தார். பதில் இன்னும் வரவில்லை. இந்த வாரம் வராவிட்டால் திங்கள்கிழமை மறுபடி போய்க் கேட்க வேண்டும்.