கோர் உடைந்த முகம்

பேருந்து நிறுத்தம், சிக்னல், இறக்கம் என்று வண்டிகள் பிரேக் பிடிக்கும் இடங்களில் தார்ச்சாலையில் பிறை வடிவ வெடிப்பு விழுந்தால், எல்லோரும் முதலில் கலவையைத்தான் சந்தேகிக்கிறார்கள். கலவை சரியாகவே இருந்து, அடுக்குகள் ஒட்டாமல் போயிருப்பதும் உண்டு. 60 மி.மீ. டிபிஎம் (கீழே வரும் தார்க் கலவை அடுக்கு) மேல் 40 மி.மீ. பிசி (மேலே வரும் தார்க் கலவை அடுக்கு) போட்டிருக்கிறோம் என்று வையுங்கள். ஒட்டியிருந்தால் இரண்டும் 100 மி.மீ. பலகையாகச் சேர்ந்து வளையும். வளையாமல் நிற்கும் வலு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. விறைப்பு ஒன்றே என்று கொண்டால், ஒட்டாத இரண்டு அடுக்குகளும் சேர்ந்து அந்த வலுவில் 28 சதவீதம்தான் தரும்.

ஒட்டின் வலுவை அளக்க, ஜெர்மனியில் 1979-இல் வந்த லாய்ட்னர் வெட்டு விசைச் சோதனை எளிமையானது. சாலையைத் துளையிட்டு உருளையாக வெட்டி எடுத்த 150 மி.மீ. விட்டமுள்ள துண்டை, அதாவது கோரை, அடுக்குகளின் இணைப்புக் கோடு இரு வளையங்களுக்கு நடுவே சரியாக வரும்படி பொருத்தி, நிமிடத்துக்கு 50 மி.மீ. வேகத்தில் தள்ள வேண்டும். தார்க் கலவையைச் சோதிக்கும் மார்ஷல் இயந்திரத்தின் வேகமும் அதுதான் என்பதால், வளையச் சட்டம் மட்டும் இருந்தால் போதும். ஜெர்மன் விதிப்படி மேலடுக்குக்கும் அதன் கீழுள்ள பைண்டர் அடுக்குக்கும் இடையே 15 கிலோ நியூட்டன் வேண்டும். அதற்குக் கீழுள்ள இணைப்புக்கு 12. வெட்டும்போது கோரின் வெப்பம் 20 டிகிரி இருக்க வேண்டும். ஏசி இல்லாத நம்மூர் லேபில் 32 டிகிரியில் வெட்டிவிட்டு 15-ஓடு ஒப்பிட்டால், நல்ல சாலையும் தோற்கும். கோரை வெட்டி எடுக்கும் முன்பே போக்குவரத்துத் திசையை அதன் தலையில் பெயிண்டால் குறித்துவிடுங்கள், விசை அந்தத் திசையில்தான் போக வேண்டும்.

எண்ணைவிட உடைந்த முகம்தான் அதிகம் சொல்லும். பழுப்புத் தூசி படிந்திருந்தால், மில்லிங் செய்த (பழைய தாரைச் சுரண்டி எடுத்த) பரப்பை கம்ப்ரசர் வைத்து ஊதவில்லை. கறுப்பாக, பளபளவென்று வழுக்கினால் டேக் கோட் (அடுக்குகளை ஒட்டவைக்க இடையே தெளிக்கும் தார்ப்பூச்சு) அளவு மீறியிருக்கிறது; வெயிலில் அதுவே வழுக்கு அடுக்காகிவிடும். இணைப்பில் விடாமல் ஜல்லிக் கலவையே பிய்ந்திருந்தால் ஒட்டு நன்றாக இருக்கிறது. துளையிடும்போதே இரண்டாகக் கழன்று வரும் கோரை "மிஷின் கோளாறு" என்று தூக்கிப் போடுவதுதான் பெரிய தவறு. அதையும் கணக்கில் எழுதுங்கள். முகத்தில் வட்ட வட்டமாகத் தேய்ந்த தடம் இருந்தால் துளையிடும் பிட்டுக்குள் கோர் சுழன்றிருக்கிறது. மெஷின் ஆடியதா, ஒட்டே இல்லையா என்று தெரிய, பக்கத்திலேயே இன்னொரு கோர் எடுக்க வேண்டும்.

கோர் எடுக்கும் நிலைக்கு வரும் முன்பே, டேக் கோட் அளவைச் சரிபார்க்க ஒரு தட்டு போதும். தார்ப் பரப்பின் மேல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் (மோர்த்) விதி கேட்கும் எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) சதுர மீட்டருக்கு 0.20 முதல் 0.30 கிலோ. 30 செ.மீ. சதுரத் தட்டை ஸ்பிரேயர் போகும் வழியில் வைத்து உடனே எடை போடுங்கள். 0.25 கிலோ வீதம் அடித்திருந்தால் 22.5 கிராம் ஏறியிருக்கும். ஆர்எஸ்-1 வகை எமல்ஷனில் 60 சதவீதம் தார் என்று கொண்டால், காய்ந்தபின் 13.5 கிராம் நிற்கும். கணிசமாகக் குறைந்தால் யாரோ கூடுதலாகத் தண்ணீர் கலந்திருக்கிறார்கள். எமல்ஷனின் பழுப்பு நிறம் முழுக்கக் கறுப்பாகும்வரை அதன் மேல் டிப்பர் லாரியை விடக்கூடாது. விட்டால் சக்கரத் தடத்தில் இருப்பதை டயரே ஒட்டிக்கொண்டு போய்விடும். மேலடுக்கு அதிகமாக அழுந்துவதும் அந்தத் தடத்தில்தான்.

ஒட்டின் ஆயுளைக் கெடுப்பது தண்ணீர். அருகருகே எடுத்த கோர்களில் பாதியை ஊறவைத்தும் பாதியை உலர்வாகவும் வெட்டி ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். கோர் எடுத்த குழியையும் மறக்காதீர்கள். தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்து, சுவரில் எமல்ஷன் தடவி, சூடான கலவையை இரண்டு மூன்று அடுக்காக இடித்து நிரப்புங்கள். திறந்து கிடந்தால் அந்தக் குழி வழியாகவே மழைநீர் இணைப்புக்குள் இறங்கும்.