பத்தமடைப் பாயில் ஒரு விளக்குக் கூடு

கூடத்தில் மொட்டை பல்பு கண்ணைக் கூசிக்கொண்டே இருந்தது. கடையில் தொங்குவிளக்கு விலை கேட்டுவிட்டு, பத்தமடைப் பாய்த் துண்டு ஒன்றில் நானே கூடு செய்துவிட்டேன். கிழித்த கோரையை நூல்பாவில் (நீளவாக்கில் கட்டிய நூல்களில்) நெய்த பாய் அது, வெளிச்சம் தேன் நிறத்தில் கசிகிறது! எவ்வளவு அழகு தெரியுமா?

இரண்டு எம்பிராய்டரி வளையங்களில் மேலும் கீழுமாகப் பாயைச் சுற்றி, ஃபெவிகால் தடவி, காயும்வரை துணிக் கிளிப் போடுங்கள். மேல் வளையத்தில் குறுக்கே கம்பி கட்டித் தொங்கவிடலாம். பனையோலையிலும் நன்றாக வரும்.

அப்புறம், உள்ளே 9 வாட் எல்இடி மட்டும்தான். பழைய 60 வாட் குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகும். கோரை கருகும், தீயும் பிடிக்கலாம். பல்பில் பாய் படவே கூடாது. மாட்டும்போது மெயினை அணைத்துவிடுங்கள்.

பாய் நெய்கிற அக்காமாரிடமே வெட்டுத்துண்டு கேளுங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள்.