யோசபாத்தின் கூட்டாளிகள்

கெட்ட சகவாசம் என்றால் வாலிபர் கூடுகையில் குடி, சிகரெட், செல்போன் என்று பேசி முடித்துவிடுகிறோம். வேதத்தில் இதற்கு ஆழமான பாடம் யோசபாத் ராஜாதான். 35 வயதில் யூதாவின் சிங்காசனம் ஏறி 25 வருஷம் ஆட்சி செய்தவர். லேவியரைப் பட்டணம் பட்டணமாக அனுப்பி நியாயப்பிரமாணத்தைப் போதிக்க வைத்தவர். அப்படிப்பட்டவர் போய், பக்கத்து ராஜ்யமான இஸ்ரவேலின் பொல்லாத ராஜா ஆகாபோடு சம்பந்தம் கலந்தார்.

1 இராஜாக்கள் 22-ஐ நிதானமாக வாசியுங்கள். சீரியாவின் கையிலிருந்த ராமோத் பட்டணத்தைப் பிடிக்க வருகிறீரா என்று ஆகாப் கேட்டதும், 4-ம் வசனத்திலேயே "நான்தான் நீர்", அதாவது நான் உம்மோடுதான் என்று யோசபாத் வாக்குக் கொடுத்துவிடுகிறார். கர்த்தரிடத்தில் விசாரிப்போம் என்பது 5-ம் வசனத்தில்தான் வருகிறது. கோளாறு இந்த வரிசையில் இருக்கிறது. கை கொடுத்துவிட்டு ஜெபிக்க உட்கார்ந்தால் 'போகாதே' என்ற பதில் காதில் ஏறாது. ஆகாபின் 400 தீர்க்கதரிசிகள் 'போங்கள், ஜெயம்தான்' என்று ஒரே பாட்டைப் பாடியபோது அவருக்கே உறுத்தியது. வேறு ஒருவரும் இல்லையா என்று கேட்டார். வந்த மிகாயா என்ற தீர்க்கதரிசி, இந்த யுத்தம் தோல்விதான் என்று உள்ளதைச் சொன்னான், கன்னத்தில் அறை வாங்கினான், சிறைக்குப் போனான். அதைக் கண்ணால் பார்த்த பிறகும் யோசபாத் யுத்தத்துக்குக் கிளம்பினார்!

உண்மை சொல்கிறவனை ஒருவன் எப்படி நடத்துகிறான் என்று பார்த்தாலே அவனை எடைபோட்டுவிடலாம். ஆகாப் யுத்தகளத்திலும் அதே ஆள்தான்: தான் வேஷம் மாறிக்கொண்டு, யோசபாத்தை ராஜவஸ்திரத்தில் வரச் சொன்னான். இஸ்ரவேலின் ராஜாவை மட்டும் குறிவைக்கும்படி சீரியாவின் 32 இரதத் தலைவர்களுக்கு உத்தரவு. அவர்கள் யாரைத் துரத்தியிருப்பார்கள்?

தப்பி வந்தவரை ஞானதிருஷ்டிக்காரனாகிய யெகூ வழிமறித்துக் கண்டித்தான். ஆனாலும் ஆகாபின் மகன் அகசியாவோடு கூட்டுச் சேர்ந்து கப்பல் கட்டினார். எசியோன்கேபேரில் அவை உடைந்துபோயின. அடுத்த மகன் யோராம் மோவாபுக்கு எதிராக அழைத்தபோது, 2 இராஜாக்கள் 3:7-ல் அதே பழைய வாக்கு, ஏறக்குறைய வார்த்தை மாறாமல். ஏழு நாள் நடையில் தண்ணீர் தீர்ந்த பிறகுதான் கர்த்தருடைய தீர்க்கதரிசியைத் தேடினார்.

யுத்தமும் கப்பலும் அவரோடு போயின. சம்பந்தம் போகவில்லை. யோசபாத்துக்கு மருமகளாக வந்த ஆகாபின் மகள் அத்தாலியாள், பிற்பாடு ராஜவம்சத்தையே வெட்டிப்போட்டாள். அவள் கைக்குத் தப்பிய அவளுடைய பேரன், குழந்தை யோவாசை ஆலயத்தில் 6 வருஷம் ஒளித்து வளர்க்க வேண்டியதாயிற்று.

இதை வைத்து அக்கம்பக்கத்தாரோடு பேச்சையே நிறுத்திக்கொள்ளும் சிலரும் உண்டு. பவுல் அப்படிச் சொல்லவில்லை; அதற்கு உலகத்தை விட்டே போகவேண்டியிருக்கும் என்கிறார் (1 கொரிந்தியர் 5:10). ஒரே மேசையில் சாப்பிடுவது வேறு. பங்குதாரராகக் கையெழுத்துப் போடுவது, ஜாமீன் நிற்பது, பெண் கொடுத்துப் பெண் எடுப்பது வேறு. இந்த மூன்றுக்கும் முதலில் விசாரியுங்கள், பிறகு வாக்குக் கொடுங்கள்.